நாலாம் எண் இல்லாத குளங்கள்

பான் சியூ-யே ஜியாதோங் கடலோரத்தில் ஏழு குளங்களில் களவா மீன் வளர்த்தார். 2019-இல் அவருக்கு வயது 57. கணவர் இறந்தபின் பதினோரு ஆண்டுகளாகத் தனி ஆளாகப் பார்த்துவந்தார்; பக்கத்துக் குளங்கள் என்னுடையவை. நிலம் குத்தகை. உரிமையாளர் ஹூ குளங்களைத் தூர்த்து, சூரிய மின்தகடு பதிப்பவர்களிடம் கொடுக்க நினைத்திருந்தார். ஆறாம் குளத்து மீன் முழுதாகக் கப்பலேறினால் குத்தகை நீடிக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டார். அக்குளத்தில் 2,140 மீன்கள். கப்பல் வரும் நாள் மே 24, வெள்ளி.

குளங்களின் பெயர்கள் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. எங்கள் ஊர்ப் பேச்சில் நாலு என்ற சொல்லும் சாவு என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. அந்த எண்ணை யாரும் வைப்பதில்லை.

ஒவ்வொரு குளத்திலிருந்தும் ஒரு கம்பி கொட்டகைக் கணினிக்கு வரும். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் கணினி கூவும். சியூ-யே ஓடிப்போய் அந்தக் குளத்து நீரில் காற்றேற்றும் கூடுதல் ஏரேட்டரைப் போடுவார். மே 13 அன்று கணினி இரண்டு முறை தானாக அணைந்தது. தோங்காங்கில் கணினிக் கடை வைத்திருக்கும் வேய் குவோ-ஃபெங் மூடியைக் கழற்றிக் காட்டினார். மதர்போர்டில் மூன்று கெபாசிட்டர்களின் தலை உப்பியிருந்தது. ஒன்று கசிந்து பழுப்பேறியிருந்தது.

மறுநாள் கடையில் வேய் இரண்டு போர்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பழையது, அதே வகை. கம்பிகள் சொருகும் பழைய அட்டை அதில் அப்படியே பொருந்தும், எதையும் மாற்ற வேண்டாம். ஆனால் அதற்கும் பன்னிரண்டு வயது. மற்றது புதியது, மூன்றாண்டு உத்தரவாதம். அதில் பழைய அட்டைக்கு இடமில்லை. கம்பிகளுக்குப் புதிய பெட்டியும் புதிய மென்பொருளும் வேண்டும்.

சியூ-யே பழைய போர்டின் கெபாசிட்டர் ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தடவினார், முகர்ந்தார். ஒன்றரை மணி நேரம் போயிற்று.

"அக்கா, மாப்பிள்ளை பாக்க வந்தவங்ககூட இவ்வளவு புரட்டிப் பாக்கமாட்டாங்க," என்றார் வேய்.

"மாப்பிள்ளை படுத்துட்டா சத்தம் கேக்கும், ஆ-ஃபெங். இது படுத்தா மீன் மிதந்த பிறகுதான் தெரியும்."

புதியதையே எடுத்தார்.

மே 16 அன்று வேய் வந்து பொருத்தினார். திரையில் ஒன்று முதல் ஏழு வரை கட்டங்கள் வந்தன. நாலைப் பார்த்ததும் சியூ-யே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதை முதல்ல எடு. என் கொட்டகையில அது வேண்டாம்."

"எட்டுன்னு போட்டுடறேன்க்கா. ராசியான எண்."

நாலை அழித்து எட்டு என்று எழுதினார். மற்ற எண்களைத் தொடவில்லை. திரையில் இப்போது ஒன்று, இரண்டு, மூன்று, எட்டு, ஐந்து, ஆறு, ஏழு. அவருடைய குளங்களின் பெயர் அத்தனையும் இருந்தது, எதுவும் விடுபடவில்லை. இருவரும் சரி என்றார்கள். ஆனால் நாலாம் குளம் என்று ஒன்று இல்லாததால், வரிசையில் ஐந்தாவது கம்பி ஆறாம் குளத்திலிருந்து வருவது. அது இப்போது ஐந்து என்ற பெயரில் பேசிற்று.

பதினேழாம் தேதியிலிருந்து வானம் மூடிக்கிடந்தது. காற்று இல்லை. பிராணவாயு தரும் பாசி வெயிலில்லாமல் சாக, குளத்து நீரின் பச்சை வெளிறத் தொடங்கியது. மே 20, காலை 9.05-க்குக் கணினி கூவியது. ஐந்து, பிராணவாயு 2.6. மூன்றுக்குக் கீழே போனால் மீனுக்கு மூச்சு முட்டும்.

சியூ-யே ஐந்தாம் குளத்து ஏரேட்டரைப் போட்டார். 9.20-க்கு 2.2. 9.35-க்கு 1.9. பிராணவாயு அளக்கும் கைமீட்டரை ஐந்தாம் குளத்தில் முக்கினார். 5.4. மீன்கள் அடியில் அமைதியாக இருந்தன. வேய்க்குப் போன் செய்தார்.

"புதுப் பெட்டிக்கா. ரெண்டு நாள் உளறும், அப்புறம் சரியாயிடும்."

சியூ-யே கூவலை நிறுத்திவைத்துவிட்டு இரை அறுக்க உட்கார்ந்தார்.

10.10-க்கு ஆறாம் குளத்துக் கரையில் ஒரு கொக்கு இறங்கிற்று. பிறகு ஒன்பது. நிமிர்ந்து பார்த்தபோது இருபதுக்கு மேல் நின்றன. களவா அடியில் கிடக்கும் மீன். அன்று நீர்ப்பரப்பு முழுவதும் திறந்த வாய்கள்.

பிற்பகல் ஒரு மணிவரை நானும் அவரும் அள்ளினோம். செத்தவை 1,806.

மூன்றே காலுக்கு ஹூ வந்தார். கரையைச் சுற்றி நடந்துவிட்டு நின்றார்.

"கஷ்டமாத்தான் இருக்கு, சியூ-யே. ஆனா சொன்னது சொன்னதுதான்."

"மத்த குளத்து மீனெல்லாம் இன்னும் சின்னது. எதுவரைக்கும் விடுவீங்க?"

"ஜூன் கடைசிவரைக்கும்."

அதற்குள் அவை விற்கும் எடைக்கு வராது என்பது இருவருக்கும் தெரியும்.