சும்மா இழுத்த வில்

தெப்ராவில் வசிக்கும் நான், புதிது வாங்கக் கட்டுப்படியாகாமல் யோங் பெங் ஊரில் ஒருவரிடம் கப்பிகள் வைத்த பழைய காம்பவுண்ட் வில் வாங்கினேன். வீட்டுக்கு வந்த அக்கா கணவரிடம் அதைப் பெருமையாக நீட்டி, “சும்மா இழுத்துப் பாருங்க மாமா” என்றேன். அவரும் அம்பில்லாமலே இழுத்து, நாணை விட்டுவிட்டார். வெடித்ததுபோல் சத்தம். வில் முறிந்து, தெறித்த சில்லு அவர் புருவத்தைக் கிழித்தது. கண் தப்பியது.

“அலமாக், உன் வில்ல ஒடச்சிட்டேனேம்மா!” என்று ரத்தம் வழிய அவர் தவித்தார். அம்பில்லாமல் விட்டால் அத்தனை விசையும் வில்லையே தாக்கும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டவள் நான்தான்.

இப்போது இழுத்துப் பார்க்க ஆசைப்படுபவர்களை வில்வித்தைப் பயிற்சித் திடலுக்கு அழைத்துப்போய், அம்பு மாட்டித்தான் அங்குள்ள வில்லைக் கொடுக்கிறேன். முதலில் வந்தவர் மாமாதான்.

“இந்தத் தடவ சும்மா இல்லதானே?” என்று கேட்டுவிட்டு இழுத்தார்.