வெறும் கொழுப்பு

அந்தக் கட்டியைக் குப்பையில் போடச் சொன்னவன் நான்தான்! பரிசோதனைக்கு அனுப்பவில்லை. மறந்துபோய் அல்ல... எனக்கே எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்.

மதுரையில் அறுவை சிகிச்சை மருத்துவன் நான். தவசிக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். தொடையிடுக்கில் வந்த வீக்கத்தை வெட்கத்தால் வேட்டிக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தவரை அவர் மனைவிதான் இழுத்து வந்தார்.

தொட்டுப் பார்த்தேன். படுத்தாலும் வீக்கம் உள்ளே போகவில்லை, இருமினாலும் புடைக்கவில்லை. குடலிறக்கம் அப்படியா இருக்கும்? என் மாணவன் இதைக் குடலிறக்கம் என்றிருந்தால் காதைத் திருகியிருப்பேன்! ஆனாலும் ஸ்கேன்கூட எடுக்காமல் சொன்னேன்: "குடலிறக்கம்தான். கொடி கட்ட ஏணி தூக்குறீங்கள்ல, அதான். இனிமே வெயிட் தூக்காதீங்க."

ஆபரேஷனில் திறந்தால் குடலைக் காணோம். விரைக்குப் போகும் நாளங்களைச் சுற்றி மஞ்சளாய் ஒரு கட்டி. உரித்தெடுத்தேன். எங்கள் பக்கம், எடுத்ததை வீட்டார் கண்ணில் காட்டியாக வேண்டும். தட்டில் வைத்துத் தியேட்டர் வாசலுக்குக் கொண்டுபோனேன்.

"ஆத்தாடி, இம்புட்டா!" என்றார் தவசியின் மனைவி. "டெஸ்டுக்கு அனுப்பணுமா சார்?"

"வெறும் கொழுப்பும்மா. அதுக்கெதுக்கு டெஸ்டு?"

என்ன திமிர் எனக்கு!

இரண்டு வருடத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்கியது. இம்முறை சதையை எடுத்துச் சோதித்தோம். கொழுப்பிலேயே உண்டாகும் புற்று... அபூர்வமானது. அன்றே தெரிந்திருந்தால் விரையோடும் சுற்றுச் சதையோடும் சேர்த்து முழுதாக எடுத்திருக்கலாம். இப்போது விரையும் போயிற்று. வயிற்றுக்குள் ஏறியதை எடுக்க முடியவில்லை. கதிர்வீச்சு கொடுக்கிறார்கள்.

"முதல் ஆபரேஷன் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?" என்று புற்றுநோய் மருத்துவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா!

சொல்லிவிடுவது என்றுதான் போன வாரம் சோழவந்தான் போனேன். வழக்கப்படி செருப்பை வெளியே விட்டுக் கொடிக்காலுக்குள் நுழைந்தேன். தவசி பாதியாய் இளைத்து வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன் அவர் மனைவி பிடித்துக்கொண்டார்.

"நீங்க அம்புட்டுத் தூரம் சொன்னீங்களே சார், வெயிட்டுத் தூக்காதீங்கன்னு. இந்த மனுசன் கேட்டாரா? ஏணியத் தூக்கித் தூக்கியே மறுபடி வரவச்சுக்கிட்டாரு!"

ஏணிக்கும் புற்றுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரியாதா? உங்களுக்குக்கூடத் தெரிகிறதே!

தவசி தலையைக் குனிந்துகொண்டார். "என் தப்புதான் சார்... மன்னிச்சுக்கங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி சரி, இனிமேலாவது தூக்காதீங்க" என்றேன்.