பௌ-ச்சூவின் வெறுங்கை

பௌ-ச்சூவின் விரல் முட்டிக்குக் கீலுங் துறைமுகத்து ஆம்பிளைகள் எல்லோரும் பயப்படுவார்கள். புயலில் படகு விடுகிறவன்கூட அவள் நாற்காலியில் காலை நீட்டினால் குய்யோ முறையோ என்று கத்துவான். மீன் டப்பா ஆலையை இழுத்து மூடியபோது, கூட வேலை பார்த்தவர்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருக்க, இவள் போய்ப் பாதம் அமுக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் பின்னாலிருந்த சந்தில் நாலு நாற்காலி போட்டுக் கடை திறந்தாள். வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட உறைப்பு.

உடம்பு முழுக்கப் பாதத்தில் இருக்கிறது என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. இடது பாதத்தில் நாலாவது விரலுக்குக் கீழே இதயம். அங்கே அழுத்தி வலித்தால் இதயத்தில் கோளாறு, வலி போனால் கோளாறும் போச்சு. கீலுங்கில் இதைச் சந்தேகப்பட்டவர்கள் கிடையாது, பௌ-ச்சூ உட்பட.

மீன் சந்தையில் ஏலம் விடுகிற லியாவ், ரத்தக் கொதிப்போடு அவளிடம் வந்தவர். முதல் நாள் இதயப் புள்ளியில் முட்டியை வைத்ததும் அவர் போட்ட சத்தத்தில் தெருநாய் ஓடியது. வாரா வாரம் வந்தார், வலி குறைந்துகொண்டே போனது. "லியாவோட நெஞ்சையே சரி பண்ணிட்டாளாம்" என்று சந்தை முழுக்கப் பேச்சு. கடையில் பாதிக் கூட்டம் அந்தப் பேச்சுக்கு வந்த கூட்டம்தான்.

வழக்கம்போல அன்றைக்கும் மழை. லியாவ் ஒரு மரப்பலகையைச் சுமந்துகொண்டு மத்தியானம் வந்தார். குணமானவர்கள் வைத்தியருக்குச் செய்யும் மரியாதை அது. 'இதயம் காத்த கைகள்' என்று தங்க எழுத்தில் செதுக்கியிருந்தது. பின்னாலேயே சந்தைக்காரர்கள் பத்துப் பேர்.

"எல்லாரும் கேளுங்கடா!" ஏலக் குரலில் ஆரம்பித்தார். "டாக்டர் குடுத்த கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை, அத்தனையும் கடல்ல வீசிட்டேன். மீன் தின்னட்டும்!"

"அப்போ உங்க மீனுக்குக் கொதிப்பு வராதுண்ணே, விலைய ஏத்திரலாம்" என்றான் மீன் உருண்டை சூப் விற்கிற ஆ-கியாம். எல்லோரும் சிரித்தார்கள்.

பௌ-ச்சூவுக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையை விடும்படி அவள் சொன்னதே இல்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் லியாவ் உட்கார்ந்து, ஆவி பறக்கும் இஞ்சித் தண்ணீரில் இரண்டு காலையும் இறக்கிவிட்டார். அவள் இன்னும் பச்சைத் தண்ணீரே கலக்கவில்லை. விரல் வைக்க முடியாத சூடு. அவரோ சிரித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார்.

வெடுக்கென்று அவர் காலைத் தூக்கினாள். தோல் கன்றிச் சிவந்திருந்தது.

"சுடலியாண்ணே?"

"இதமா இருக்கும்மா. நீ அமுக்கு, இவனுங்க பாக்கட்டும்."

இதயப் புள்ளியில் முட்டியை வைத்தாள். "பாத்தீங்களா, வலியே இல்ல!" என்றார். கூட்டம் கைதட்டியது. அவள் குடல் புள்ளியை அழுத்தினாள். சிறுநீரகப் புள்ளியை அழுத்தினாள், எந்தக் கொம்பனும் அலறுகிற இடம் அது. லியாவ் ஆ-கியாமிடம் சூப் விலை கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் அழுத்துவதை நிறுத்தினாள். வலி குணமாகிப் போகவில்லை. கால் மரத்துப் போயிருக்கிறது. இத்தனை வாரம் மரத்துக்கொண்டே வந்த காலைப் பிடித்துக்கொண்டு, இளகுது இளகுது என்று அவளும் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இதை இப்போது சொன்னால் கடை படுத்துவிடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் படுத்துவிடுவார்.

"அண்ணே, கண்ண மூடுங்க. எந்த விரலப் பிடிச்சிருக்கேன்?"

"இதென்ன சின்னப்பிள்ள வெளையாட்டு?" கண்ணை மூடிக்கொண்டார். "கட்டைவிரலு."

"இப்போ?"

"சுண்டுவிரலு. சரிதானே? ஏன்டா ஒருத்தனும் பேச மாட்டேங்குறீங்க?"

கண்ணைத் திறந்தார். பௌ-ச்சூ இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தாள். அவர் கண்ணை மூடியதிலிருந்தே அவள் அவரைத் தொடவில்லை.

லியாவின் முகம் வெளுத்தது. அப்புறம் கோபம் வந்தது. "ஊரு முன்னாடி என் மூஞ்சில கரியப் பூசுறியா?"

"பூசினா பூசிட்டுப் போறேன். நெஞ்சு எப்படி இருக்கு? உண்மையச் சொல்லுங்க."

"நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல. காலைலேர்ந்து பல்லுதான் வலிக்குது, தாடை வரைக்கும். பெட்டி தூக்கினா மூச்சு வாங்குது." சொல்லும்போதே அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது.

"ஆ-கியாம், ஆம்புலன்ஸுக்குப் போன் போடு!"

"அக்கா, பல்வலிக்கா..."

"போடுடா முட்டாள்! சுடுறதே தெரியாத மனுஷனுக்கு நெஞ்சு வலிக்கிறது எப்படித் தெரியும்?"

ஆம்புலன்ஸ் வரும்வரை லியாவைக் கட்டிப் பிடிக்காத குறையாக நாற்காலியிலேயே உட்கார வைத்திருந்தாள். அவர் திட்டினார், வீட்டுக்குப் போகிறேன் என்று எழுந்தார். பிறகு திட்டக் குரல் வரவில்லை, அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டார். பௌ-ச்சூ வாய்விட்டு அழுதாள்.

இதயக் குழாயில் அடைப்பு. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதால், காலில் சுட்டதும் தெரியவில்லை, நெஞ்சில் வலித்ததும் சரியாகத் தெரியவில்லை. மயிரிழையில் பிழைத்தார்.

கடையில் கூட்டம் குறைந்தது. பலகை சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தது. குளிர்காலம் முடியும்போது ஒருநாள் லியாவ் வந்து நின்றார், ஆள் பாதியாகியிருந்தார்.

"பலகைய ஏன் மாட்டல?"

"அன்னைக்கு உங்க உசுரு பொழைச்சது நான் கைய எடுத்ததாலண்ணே. இதை எந்த மூஞ்சியோட மாட்டுறது?" என்றவள், "மாத்திரை?" என்று கையை நீட்டினாள்.

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். அவள் முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூடு பார்த்தாள். "அமுக்க மாட்டேன், டாக்டர் கூடாதுங்குறாரு. கழுவித் துடைச்சு, புண்ணு எதும் இருக்கான்னு பாத்து அனுப்புறேன்."

அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்து, தண்ணீரில் காலை இறக்கிக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்சிருக்கியாம்மா?" என்றார்.

"பிடிச்சிருக்கேண்ணே."

லியாவ் ஒரு கண்ணைத் திறந்து, குனிந்து, அவள் கை தன் காலில் இருப்பதைப் பார்த்துக்கொண்டார்.