நனைக்காத அப்பம்

வாயில் வைனை ஊற்றி, நாக்கில் புரட்டி, துப்பிவிடுவது என் வேலை. விழுங்கக் கூடாது. விழுங்கினால் நாலைந்து தொட்டி தாண்டுவதற்குள் நாக்கு மந்தமாகிவிடும், பிறகு எது புளிக்கிறது எது கசக்கிறது என்றே தெரியாது. இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? சனிக்கிழமை மாலை வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல் வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சற்று நேரத்தில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள். திராட்சை புளித்த வாடை சட்டையிலேயே ஊறிக் கிடக்கும். ஒரு கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "பொழுது சாயுற வரைக்கும் பொறுக்க முடியலையா தம்பி?" என்றார். நான் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நேராக வீட்டுக்குப் போவதில்லை. அங்கிருக்கும் கட்டணக் குளியலறையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை மாட்டி, பழைய சட்டையைப் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் கட்டிய பிறகுதான் டவுன் பஸ் ஏறுவேன். அதெல்லாம் அப்பாவுக்காக.

அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த நாற்றத்தை மறக்கத்தான் குடிக்கிறேன் என்பார். ரயில்வே கேட் பக்கம் விழுந்து கிடந்தவரை நானும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக் கூட்டி வந்த நாட்கள் உண்டு. நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்று இருந்து, எழுந்து வந்தார். இனி தொட்டால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் தொடவில்லை. எவ்வளவு பாடுபட்டுத் தொடாமல் இருக்கிறார் என்பது எங்களுக்குத்தான் தெரியும். டாஸ்மாக் இருக்கும் தெருவில் கால் வைக்க மாட்டார், சுற்றிக்கொண்டு போவார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் கை கழுவிய ஈரத்தோடு கிளம்பிவிடுவார். இருமல் மருந்து வாங்கினாலும் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்ட பிறகுதான் அம்மா கொடுப்பாள்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் மகன் வைன் செய்கிறான். உணவுத் தொழில்நுட்பம் படித்தேன், கிடைத்த வேலை இது என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அது பாதி உண்மை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது, அதுதான் வெட்கக்கேடு. பன்னீர் திராட்சை நொதிக்கத் தொடங்கும்போது அறை முழுக்க ரோஜாப்பூ மாதிரி ஒரு வாசம் கட்டி நிற்கும். அதற்காகவே விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறக்கிறவன் நான். வீட்டில் என் வேலைக்கு ஜூஸ் கம்பெனி என்று பெயர். அம்மா வைத்த பெயர். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "மாம்பழ ஜூஸுங்களா?" என்று கேட்டார்கள். "திராட்சை" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் ஒரு தடவைகூட என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை.

போன வருடம் அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. பூசைக்குச் சொல்லப் போனபோது பங்குத்தந்தை, "உங்க கம்பெனியில பூசைக்கும் திராட்சை ரசம் போடுறீங்களாமே? அப்பா அம்மா பூசைக்கு நீயே கொண்டு வாயேன்" என்றார். உண்மைதான். பீடத்துக்குப் போகும் ரசமும் வைன்தான், ஆனால் அதில் சர்க்கரையோ வேறெதுவோ சேர்க்கக் கூடாது, வெறும் திராட்சைதான். அந்தத் தொட்டி என் பொறுப்பு. என் ஊரில் ஒருவர் என் வேலையை வெளிப்படையாகச் சொல்லி, என்னிடமே கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இருப்பதிலேயே நல்ல பாட்டிலாகப் பார்த்து எடுத்து, வெள்ளைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் கோயிலில் மற்ற நாட்களில் நற்கருணையாக ஜனங்களுக்குக் கொடுப்பது வெறும் அப்பம்தான். கல்யாண நாள் பூசையில் மட்டும் தம்பதிகளுக்கு ரசத்தில் நனைத்துக் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது என் மண்டையில் உறைக்கவில்லை. என் ரசம் பீடத்தில் ஏறப்போகிறது என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

பட்டுப்புடவையில் அம்மாவும் புது வேட்டியில் அப்பாவும் பீடத்துக்கு முன்னால் நின்றார்கள். முதலில் அம்மா வாங்கினாள். அடுத்து அப்பத்தை நனைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினார் பங்குச்சாமி. அப்பா வாயைத் திறக்கப் போனவர், சட்டென்று பின்னால் ஓர் அடி வைத்தார்.

"சாமி, எனக்கு நனைக்காம குடுங்க."

சாமியின் கழுத்துப்பட்டையில் மைக் இருந்தது. அப்பாவின் குரல் கோயில் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முழு ஊருக்கும் தெரிந்த பழைய கதையை அவர் வாயாலேயே மறுபடி சொல்ல வைத்துவிட்டேன், அதுவும் அவருடைய கல்யாண நாளில். சாமி வேறு அப்பம் எடுத்துக் கொடுத்தார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

மத்தியானம் பிரியாணிப் பந்தியில் தால்சா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்தேன். நின்றால் யாராவது பேசுவார்களே. அப்படியும் ஒரு பெரியவர் இலையிலிருந்து நிமிர்ந்து, "அது மகன் செஞ்ச ரசமாம்ல?" என்று கேட்டார். காதில் விழாத மாதிரி அடுத்த இலைக்குப் போனேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு அப்பாவும் நானும் வாடகை நாற்காலிகளை அடுக்கினோம்.

"அப்பா, நான் யோசிக்கலப்பா" என்றேன்.

அவர் ஒரு நாற்காலியைத் தூக்கி அடுக்கின்மேல் வைத்து அழுத்தினார். "நல்லா செஞ்சிருக்கடா" என்றார். "கிட்ட வந்ததும் என்னா வாசம். அம்புட்டு நல்லாருந்துச்சு. அதான் பயந்துட்டேன்."

அவர் அடுத்த நாற்காலியை எடுத்தார்.

"சனிக்கிழமை பஸ் ஸ்டாண்டுல குளிச்சிட்டு வாரேல்ல, இனியும் அப்படியே குளிச்சிட்டு வாப்பா."