அன்றைக்குக் காற்றே இல்லை

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மேடையில் பாட்டுக்காரர், ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், மதுரைப் பக்கத்திலிருந்து வந்த பபூன். முன்வரிசை நாற்காலியில் சபாவின் தலைவர், அதாவது நாங்கள் வேலை பார்த்த சரக்குக் கிட்டங்கியின் முதலாளி. அவருக்கு இரண்டு பக்கமும் உப்பளக்காரர்கள், காயல்பட்டினத்து வியாபாரிகள் இரண்டு பேர், சாயர்புரத்திலிருந்து வந்திருந்த ஒரு வாத்தியார். பெஞ்சிலும் தரையிலும் ஆண்கள், முந்நூறு பேர் இருக்கலாம். டிக்கெட் மேஜையில் எங்கள் கணக்கப்பிள்ளை. நடுவே மறைப்பாகத் தொங்கிய பாய்க்கு இந்தப் பக்கம் பெண்கள் நாற்பத்தொரு பேர். ஆண்களை உத்தேசமாகச் சொன்னேன். பெண்களை எண்ணியே சொல்கிறேன். பயந்த சுபாவக்காரி எங்கே போய் உட்கார்ந்தாலும் முதலில் தலைகளை எண்ணுவாள், அப்புறம் வாசல் எங்கே என்று பார்ப்பாள்.

இதை இப்போது எடுக்கக் காரணம், போன வாரம் பக்கத்து வீட்டு டீச்சர் கொண்டுவந்து கொடுத்த ஒரு விழா மலர். அந்தப் பழைய சபாவைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதில் ஒரு நன்மை உண்டு, எதையும் தாண்டிப் போக முடியாது. நாற்காலிக்காரர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. பெண்கள் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. கடைசியில் போனால் போகிறதென்று ஒரு வரி: பலத்த கச்சான் காற்றில் திரை விழுந்து கச்சேரி சற்றுத் தடைப்பட்டதாம்.

அந்தப் பக்கத்தை மூக்கருகே வைத்துத்தான் படித்தேன். அதில் அச்சு மையின் வாசம். எனக்கு வந்ததோ உப்பேறிப் புளித்த பருத்தித் துணியின் வாடை. திரை என்று எழுதியிருக்கிறார்களே, அது திரை இல்லை. ஓடி ஓய்ந்த ஒரு தோணியின் பாய்.

அது யுத்த காலம். பொழுது சாய்ந்தால் துறைமுகத்து ஊரில் ஒரு விளக்கும் வெளியே தெரியக் கூடாது. அதனால் கச்சேரியை ஞாயிற்றுக்கிழமை நாலு மணி வெயிலில் வைத்தார்கள். எங்களுக்கு அது தோதாகப் போயிற்று. மற்ற ஆறு நாளும் நாங்கள் நிலாவாரை பொறுக்குவோம். வெளிநாட்டில் யாருக்கோ வயிறு இளகக் கப்பலேறிப் போகிற இலை. காம்பு வேறு, இலை வேறாகப் பிரித்துப் பிரித்து, தூசியில் தும்மித் தும்மியே பொழுது போகும். அப்பா தோணியில் மூட்டை ஏற்றும்போது இடுப்பொடிந்து படுத்தவர், எழுந்திருக்கவில்லை. எங்கள் வீட்டு உலை என் கூலியில் கொதித்தது. ஒரு நாள் கூலி நாலணா, அதுதான் ஒரு டிக்கெட்டின் விலையும்.

பாட்டு என்றால் பாய்க்குப் பின்னால் இருந்தும் கேட்டுவிடலாம், குறையொன்றுமில்லை. பபூனுக்குத்தான் வாய் பாதி, முகமும் கைகாலும் மீதி. அந்தப் பக்கம் முந்நூறு பேர் குலுங்கிச் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் நாங்கள் கலியாண வீட்டில் இலை கிடைக்காதவர்கள் மாதிரி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

என்னோடு வந்தவர்கள் இருவர், இரண்டு பேரும் கிட்டங்கிக்காரிகள். ரோசம்மாள் தோணி ஓட்டும் ஒரு தண்டலின் மகள். பேச்சியக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவள், வாய் அதற்கும் மூத்தது. அன்றைக்கு டிக்கெட் மேஜையில் ரோசம்மாள் ஆறணாவை வைத்தாள்.

"மூணு பேருக்குப் பன்னெண்டணால்லா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"அது கண்ணும் காதும் உள்ளவுகளுக்கு அண்ணாச்சி. எங்களுக்குக் காது மட்டுந்தான உள்ள போகுது. பாயை எடுங்க, கண்ணுக்கும் தாரோம்."

"ஏளா, முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

"பாதிச் சரக்குக்குப் பாதி விலைன்னு சொல்லுங்க," என்றாள் பேச்சியக்கா. "அவுக வியாபாரிதான, வெளங்கிரும்."

பின்னால் வரிசை நெருக்கியது. அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆறணாவை வாங்கிப் போட்டார். முதலாளி காதுக்குப் போனால் திங்கட்கிழமை எனக்கு வேலை இல்லை.

எங்களுக்குக் கிடைத்த இடம் கம்பத்தடி. பாய் கட்டிய கயிறு மேலே போய் இறங்கி, கம்பத்தின் அடியில் முடிச்சுப் போட்டிருந்தது. எனக்கு உடனே அடுத்த கவலை.

"ஏளா ரோசு, இது அவுந்து நம்ம மேல விழுந்துட்டா?"

"அது தானா அவுராது. இந்தா தொங்குதுல்லா, இந்த நுனிய இழுத்தாத்தான் அவுரும். நீ பாட்டக் கேளு."

பாட்டு முடிந்து பபூன் வந்தான். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வணக்கம் அண்ணாச்சி" என்றான். அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. மறுபடி சத்தமில்லை. மறுபடி "வணக்கம் அண்ணாச்சி." பெஞ்சிலிருந்து யாரோ உருண்டு விழும் சத்தம்கூடக் கேட்டது.

"அண்ணாச்சிக்கு வணக்கம் சொன்னா எதுக்குளா இப்படிச் சிரிக்கானுவ?" என்றாள் பேச்சியக்கா. முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். நாற்பத்தொரு பேரும் விசிறிக்கொண்டுதான் இருந்தோம். ஒரு பொட்டுக் காற்று இல்லை.

மூன்றாவது தடவை சிரிப்பு எழுந்தபோது ரோசம்மாள் கண்ணைத் துடைத்தாள். அது சிரித்து வந்த கண்ணீர் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் மனசுக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும் போலிருக்கிறது. நுனியைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

காற்று இருந்திருந்தால் பாய் வீங்கிப் பறந்திருக்கும். அது நேரே கீழே வந்து குவிந்து உட்கார்ந்தது.

முந்நூறு முகங்கள் எங்கள் பக்கம் திரும்பின. மேடையில் பபூன் கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, ஒரு தூணை முட்டிக் கும்பிட்டு நின்றான். விளக்கில்லாத தெருவில் வீட்டுக்குப் போகிறவன். இடிக்கிற தூணெல்லாம் அவனுக்கு அண்ணாச்சி. இதுதானா சங்கதி என்று அப்போதுதான் தெரிந்தது. முதலாளி நாற்காலியை விட்டு எழுந்தார். பபூன் ஒரு கண்ணை மட்டும் திறந்து எங்களைப் பார்த்தான், மூடிக்கொண்டான், மேடையை விட்டு இறங்கித் தடவித் தடவி வந்து எங்கள் கம்பத்தில் நெற்றியை முட்டினான்.

"வணக்கம் அண்ணாச்சி. நீங்க மட்டும் தனியா நிக்கியளே, பாயி எங்க?"

நாற்பது பெண்கள் சிரித்த சிரிப்பில் முதலாளி உட்கார்ந்துவிட்டார். பபூன் அங்கேயே நின்று, நாற்காலிகளுக்கு முதுகைக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து எங்களுக்காகச் செய்தான். நாற்பத்தொன்றாவது ஆள் என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். பாதியைப் பார்க்கவே இல்லை. முதலாளியின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கணக்கப்பிள்ளை நேரே ரோசம்மாளிடம் வந்து நின்றார். "தோணிக்காரன் மகளுக்குத்தான முடிச்சு தெரியும்? கணக்கை முடிச்சு அனுப்பச் சொல்லிட்டாரு முதலாளி."

நான் எழுந்தேன். மடியிலிருந்த இலையெல்லாம் கொட்டியது. "அவ இல்ல. நான்தான் இழுத்தேன்."

"நீயா? தும்முனாலே மன்னிப்புக் கேக்குத புள்ள நீ." பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. "இந்தக் கையாலதான் இழுத்தேன். போய்ச் சொல்லுங்க," என்றேன்.

உள்ளே போனவர் வெகு நேரம் கழித்து வந்தார். "பொறுக்குத புள்ள ஒண்ணு இழுத்து சபா பாய் விழுந்துச்சுன்னு ஊருக்குள்ள பேச்சு வரக் கூடாதாம். காத்துல விழுந்ததாத்தான் இருக்கணுமாம். போய் வேலயப் பாருங்க." இரண்டடி போனவர் திரும்பினார். "ஆனா பாத்தாச்சில்லா? கண்ணுக்கு உண்டான ரெண்டணாவ மூணு பேரும் வச்சிருங்க."

"காத்து காட்டுனதுக்கு எங்ககிட்ட எதுக்குக் கேக்கிய?" என்றாள் ரோசம்மாள். "காத்துகிட்ட வாங்கிக்கிடுங்க."

அடுத்த கச்சேரிக்குப் பாய் திரும்ப ஏறியது, முடிச்சு ஆண்கள் பக்கமாக. நாங்கள் போகவில்லை, அதற்கடுத்ததற்கும் போகவில்லை. ஆனாலும் என் வேலை தப்பியதே என்று நானும் காற்றைச் சொல்லியே காலத்தை ஓட்டினேன்.

மைதானத்தில் இப்போது லாரிகள் நிற்கின்றன. கிட்டங்கி இடிந்துவிட்டது. தோணிக்கு எஞ்சின் வந்து, பாய் மூலைக்குப் போயிற்று. அணாவும் போயிற்று. பேச்சியக்கா போனாள், ரோசம்மாள் போன வருஷம் போனாள். எனக்கு மற்ற பயமெல்லாம் அப்படியே இருக்கிறது, வேலை போய்விடுமே என்கிற பயம் மட்டும்தான் இல்லை.

அதனால் மலர் போட்டவர்கள் திருத்திக்கொள்ளட்டும். நாற்பத்தொரு பெண்கள் இருந்தார்கள். பாயை ஒருத்தி இழுத்தாள். இப்படித் திருத்தினால் கணக்கப்பிள்ளை கேட்டது நியாயமாகிவிடும், தெரியாமல் சொல்லவில்லை. கண்ணுக்கு இரண்டணா வீதம், மூன்று பேருக்கும் சேர்த்து என் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்: பாக்கி ஆறணா.