ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, ஈறு ஒட்டிக்கொள்ள

2009 பிப்ரவரியில் ஆம்பூரிலிருந்து வேலூருக்கு இரண்டு முறை போய்வந்தேன். கோட்டை பார்க்க அல்ல, ஈறு ஒட்டிக்கொள்ள. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் போன முன்பல்லுக்குப் பதிலாக இம்ப்ளாண்ட் வைத்திருந்தேன். பல் உறுதியாகத்தான் நின்றது. சுற்றியிருந்த ஈறுதான் மெல்ல மேலேறி, உள்ளிருந்த உலோகம் சாம்பல் கோடாகத் தெரிய ஆரம்பித்தது. அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போய்விடும். அப்புறம் சிரிப்பதையே குறைத்துக்கொண்டேன். நான் வேலை செய்யும் பள்ளி அலுவலகத்தில் எனக்குச் ‘சிரிக்காத மேடம்’ என்று பெயர். (நானா!)

துணைக்கு வந்தவள் நாத்தனார் ரெஜினா. ஷூ கம்பெனியில் பதினேழு வருடமாகச் செக்கர். காலை 7.10 பஸ், ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதினெட்டு ரூபாய். இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது.

வேலூர் பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். மேல் அண்ணத்திலிருந்து சிறு சதைத் துண்டு எடுத்து, இம்ப்ளாண்டைச் சுற்றி ஈறுக்குள் செருகித் தைப்பார். “ஒட்டிக்கும்னு நம்பறேன். இம்ப்ளாண்ட்ல உறுதியா சொல்ல முடியாது. ஒட்டலேன்னா சில மாசம் கழிச்சுத்தான் மறுபடி.”

ஒட்டுமா என்பது என் கவலை. ரெஜினாவுக்கு வேறு கவலை.

“எந்த எடத்துல எடுப்பீங்க டாக்டர்? ஆட்டுத்தோல்ல வயித்துப் பக்கம் கொழகொழன்னு இழுக்கும். முதுகுதான் கெட்டி.”

“கெட்டியான எடத்துலதாம்மா எடுக்கறேன்” என்று டாக்டரம்மா சிரித்தார். “ஷூ கம்பெனியா?”

ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு வாரம் அங்கே பிரஷ் படக்கூடாது, சூடு காரம் கூடாது, ஸ்ட்ரா கூடாது. முக்கியமாக, உதட்டைத் தூக்கிப் பார்க்கவே கூடாது.

கடைசி விதி ரெஜினாவுக்குச் செரிக்கவில்லை. ஷூவில் ஒட்டிய அடிப்பாகத்தை இழுத்துப் பார்ப்பதுதானே அவள் தொழில். “ஒட்டுனத இழுக்காம எப்டி அண்ணி பாஸ் பண்றது?” திரும்பும் வழி முழுக்க என் மேலுதட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மரத்துப்போன வாயோடு நான் ஐஸ்கிரீமைக் கொட்டிக்கொண்டு வந்தேன்.

நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள்.

“ஒரே ஒரு தபா அண்ணி. லேசா.”

அவளைச் சொல்லிப் பயனில்லை, எனக்கும் ஆசைதான். கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கினேன். வைத்த துண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு சொட்டு ரத்தமும் வந்தது.

“ரிஜெக்டா அண்ணி?” ரெஜினா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். “வெள்ளையா இருக்கறது சகஜம். தூக்கினதுதான் தப்பு. இனிமே தொடாதீங்க, பதினாலாம் நாள் பாக்கலாம்.”

“என் கை சும்மா இருக்காது, அதுவரைக்கும் நான் உள்ள வரல” என்று ரெஜினா தனக்கே தடை போட்டுக்கொண்டாள். தினமும் ஆறின கேழ்வரகுக் கூழை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுவாள். அந்தப் பத்து நாளும் ஒட்டுமா ஒட்டாதா என்பதைத் தவிர நான் வேறெதையும் நினைக்கவில்லை.

பதினாலாம் நாள் அதே 7.10 பஸ், ரெஜினாவும் கூட. தையல் பிரித்ததும் டாக்டரம்மா என் உதட்டை இரண்டு விரலால் பிடித்து, இப்படியும் அப்படியும் மெதுவாக இழுத்தார்.

ரெஜினா எழுந்தே விட்டாள். “டாக்டர்! நீங்க மட்டும் இழுக்கலாமா?”

“இழுத்தாத்தானேம்மா தெரியும், ஒட்டுச்சா இல்லியான்னு.”

கேஸில் ஜெயித்தவள் மாதிரி என்னைப் பார்த்தாள். “அப்ப, பாஸா?”

“பாஸ்.”

கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். இளஞ்சிவப்பாக ஈறு இறங்கி வந்திருந்தது. ரெஜினா கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். “ஓரத்துல நூலாட்டம் சாம்பல் கொஞ்சம் தெரியுது. எங்க கம்பெனியில இத செகண்ட்ஸ்ல போட்ருவோம்.”

சிரித்துவிட்டேன், சத்தமாக. கண்ணாடியைப் பிடித்திருந்த இரண்டு கைகளும் அதை விட்டு வாய்க்குப் போகவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

போகிறவர்களுக்கு: முதல் முறை போகும்போது மாலை வரை நேரம் ஒதுக்குங்கள். இரண்டு வாரத்துக்குப் பிரியாணி வாசனை வரும் தெருக்களைத் தவிர்ப்பது நல்லது, ஆம்பூரில் அது சுலபமில்லை. துணைக்கு உங்கள்மேல் அக்கறையுள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான்காம் நாள் மட்டும் அவருக்குக் கதவைத் திறக்காதீர்கள்.