மெமரி காணாது

எங்கள் வீட்டு லப்டொப் மேல் அந்த நாட்களில் எனக்கு இருந்த கோபத்தை நான் எந்த மனிதர் மேலும் வைத்ததில்லை. மாமியார் மேல்கூட இல்லை.

என் கணவர் கொள்ளுப்பிட்டியில் ஓர் ஒபிசில் ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறவர். தரவுத்தளங்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவருடைய வேலை. பாரிசவாதம் வந்து களுபோவில ஆஸ்பத்திரியில் தலையில் ஒப்பரேஷன் செய்து கிடந்துவிட்டு வெள்ளவத்தைக்கு வீடு திரும்பியபோது, ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. கதைபேச்சு தெளிவாக இருந்தது, எங்களையெல்லாம் அடையாளம் தெரிந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். ஒபிசிலும் நல்ல மாதிரித்தான் கதைத்தார்கள். வீட்டில் இருந்தபடி ஒரு சின்ன புரோகிராம் எழுதி அனுப்பட்டும், சரிவந்தால் பழையபடி வேலைக்கு வரலாம் என்றார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழும்பி நடமாடினேன்.

ஒபிஸ் லப்டொப்பை ஏற்கனவே திருப்பிக் கொடுத்துவிட்டோம். மிஞ்சியது மகள் ஒன்லைன் வகுப்புக்குப் பாவித்துக் களைக்கப்பண்ணிய பழசு. அதில் அவர் ஜாவாவைப் போட்டார். தரவுத்தளத்துக்கான டூலையும் போட்டுத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அது சுற்றுகிற சீரைப் பார்த்து எரிச்சல்பட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவர் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தபடி இருந்தார்.

"என்னப்பா, சரிவரேல்லையா?"

"மெமரி காணாது."

உப்புக் காணாது, நித்திரை காணாது என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்கிற சொல்தான். போதாது என்று அர்த்தம். நான் உடனே போனை எடுத்து, அந்த டூலுக்கு என்னென்ன வேண்டும் என்று போட்டிருந்த பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். எந்த ஜாவா, எத்தனை பிட், டிஸ்க்கில் எவ்வளவு இடம். குறைந்தது இவ்வளவு, இருந்தால் நல்லது இவ்வளவு என்று இரண்டு விதமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் கலியாணத்துக்குச் சாதகம் பார்த்தவர்கூட இத்தனை கவனமாகப் பார்த்திருக்கமாட்டார். எல்லாம் பொருந்தியது. மெமரி மட்டும் எட்டு ஜீபீ கேட்டார்கள், எங்களிடம் இருந்தது நாலு. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிழை மிசினில் என்றால் மிசினைத் திருத்தலாம்தானே.

காலி வீதிக் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய், மெமரியைக் கூட்ட இதற்கு ரேம் போடலாமா என்று கடைப் பையனிடம் சிங்களத்தில் கேட்டேன்.

"மல்லி, மேகட ரேம் தான்ன புளுவன்த?"

"புளுவன், அக்கே."

போடலாமாம். அவன் பின்மூடியைக் கழற்றிப் புதியதைச் செருகி முடிக்கும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. ஒப்பரேஷன் தியேட்டருக்கு வெளியில் நின்றபோது என்னை உள்ளே விடவில்லை. இங்கே பக்கத்திலேயே நிற்க முடிந்தது.

வீட்டுக்கு வந்து, கதிரையை இழுத்துப்போட்டு அவரை இருத்தினேன். டூல் சொன்னபடி கேட்டுச் சட்டென்று திறந்தது.

"இப்ப காணுமா?"

"ஓம், தாராளமாக் காணும்."

தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன். பக்கம் வெறுமையாக இருந்தது. மேலே 'import' என்று ஒரு சொல் மட்டும். ஜாவாவில் அவர் எழுதுகிற எதுவும் அந்தச் சொல்லில்தான் தொடங்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவருடைய விரல்கள் கீபோர்டுக்கு மேல் நின்றன.

"திரும்பவும் நிண்டிட்டுதா? இந்தச் சனியனை..." என்று லப்டொப்புக்கு ஓர் அடி போடக் கையை ஓங்கினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பாவம், அதுக்கு ஏசாதையும். அது நல்லாத்தான் ஓடுது."

"அப்ப என்ன? மெமரி காணாது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"சொன்னனான்தான்," என்றார். என் கையை விடவில்லை. "மிசினைச் சொல்லேல்லையப்பா."

தேத்தண்ணி ஆறிப்போனது. பக்கத்தில் இருந்து வாய்விட்டு அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார், தன் குழந்தைக்குச் சொல்வதுபோல, பரவாயில்லை, பரவாயில்லை என்று.

அந்த லப்டொப் இன்றைக்கும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. மகள் அதில்தான் படிக்கிறாள்.